கானுக்கு மேல போட்ட பலகை

பத்துமலையைப் பத்திப் பேச வந்தா, முதல்ல எங்க மாட்டைப் பத்திப் பேசிடுறேன். இல்லேன்னா மத்தவங்க பேசிடுவாங்க. புந்தோங்ல எங்க சந்து நாறுனதுக்குக் காரணமே அப்பாவு வீட்டு மாட்டுக் கொட்டகைதான்னு இன்னைக்கும் ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. அப்பாவு என் வீட்டுக்காரர். நான் செல்லாயி. காலையில டவுனுக்குப் பால் கொண்டு போய் ஊத்துறது நான். மாடுன்னா சாணி போடத்தான் செய்யும், மல்லிகைப் பூவா போடும்? அந்தத் தண்ணியெல்லாம் முன்ன ஒழுங்கா ஓடிப் போய் சுங்கை பாரி ஆத்துல விழுந்துக்கிட்டுத்தான் இருந்தது. சந்து முனையில ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, வண்டி வண்டியா மண்ணைக் கொட்டி, மேடாக்கி, வரிசையா கடை கட்டினான். அன்னையிலேர்ந்துதான் தண்ணிக்குப் போக்கிடம் இல்லாமப் போச்சு. எங்க சந்து பள்ளமா நின்னுடுச்சு. நாத்தத்துக்கு மட்டும் எங்க மாடு பொறுப்பாம்.

ஈப்போ டவுன் வீங்கிக்கிட்டே இருந்த காலம் அது. கித்தா, அதான் ரப்பர், விலை விழுந்து தோட்டங்கள்ல ஆள் குறைச்சப்போ, வேலை போன சனமெல்லாம் மூட்டை முடிச்சோட இங்கதான் வந்து சேர்ந்தது. இன்னைக்குக் காலியா கிடக்கிற இடத்துல அடுத்த வாரம் போனா ஒரு பலகை வீடு நிக்கும். அதை ஒட்டினாப்புல இன்னொண்ணு. அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை, வாசல்ல ஒரு முருங்கை, முடிஞ்சது வீடு. ரோடு எப்படிப் போகும், கழுவுற தண்ணி எங்க போகும்னு யாரு யோசிச்சா? தலைக்கு மேல ஒரு கூரை கிடைச்சாப் போதும்னு வந்தவங்க. அப்படி வந்தவங்கள்ல ஒருத்தன்தான் பத்துமலை.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவன். ரொம்ப நாள் பிள்ளை இல்லாம இருந்து, அவங்க அம்மா பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டு, பொறந்ததும் அந்த மலைப் பேரையே வச்சிட்டாங்க. பேருதான் மலை, ஆளைப் பார்த்தா முருங்கைக்காய். நானே எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கேன். சிரிப்பான், பதில் பேசமாட்டான். ரயில் கூட்ஸ் கொட்டகையில மூட்டை தூக்குற வேலை. தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கிப் போச்சு. அவன் பேச்சும் அப்படித்தான். ஒரு வார்த்தையை இறக்கி வச்சிட்டு, மூச்சு வாங்கிட்டு, அடுத்ததைத் தூக்குவான். எனக்கோ பொறுமை கிடையாது. சொல்லித் தொலைடான்னு கத்துவேன். அதுக்கும் சிரிப்பான்.

அவன் பெண்டாட்டி மங்களம். எங்க கொட்டகைக்கு நேர் எதிர் வீடு. அவளை மாதிரிக் கோலம் போடுற கை அந்த வட்டாரத்துலயே இல்ல, பொய் சொல்லக்கூடாது. வாசல்ல காலடி வைக்கவே இடம் கிடையாது, ரெண்டு எட்டு வச்சா கான்ல விழணும். கான்னா சாக்கடை, ஆனா டவுனைப் பார்த்துக்கிற போர்டு கட்டின சிமெண்டுக் கான்னு நினைச்சிடாதீங்க. தண்ணி தானா அரிச்சுக்கிட்ட பள்ளம், அவ்வளவுதான். கறுப்புக் கூழா தேங்கி நிக்கும். அதுக்கும் நிலைப்படிக்கும் நடுவுல இருக்கிற அந்தத் துண்டு மண்ணைப் பெருக்கி, தெளிச்சு, விடிஞ்சதும் ஒரு கோலம் போட்டுடுவா. எதுக்குடி இந்தக் கண்றாவிக்குப் பக்கத்துலன்னு கேட்டா, வாசல்னா கோலம் இருக்கணும்க்கா, அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இதும்பா.

அவங்களுக்கு ஒரு பையன் இருந்தான். சுவரைப் புடிச்சுப் புடிச்சு நடை பழகினவன், கன்னுக்குட்டி வாலைப் புடிக்க எங்க கொட்டகை வரைக்கும் வந்துடுவான். ஒரு வருஷம் மழையில கான் தண்ணி வழிஞ்சு வீட்டுக்குள்ள வந்துச்சு. எங்க சந்துல அது ஒண்ணும் புதுசில்ல, சட்டி பானையைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு, வடிஞ்சதும் சாணி போட்டு மெழுகிடுவோம். தண்ணி வடிஞ்ச மறுநாள் பிள்ளைக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. திரும்பி வரும்போது பத்துமலை கையில பிள்ளையைத் துணியில சுத்தி வச்சிருந்தான். மங்களம் பின்னால வெறுங்கையோட நடந்து வந்தா.

அதுக்கப்புறம்தான் அவன் போர்டு ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சான். எங்களுக்கு ஒரு கான் கட்டிக் குடுங்கன்னு கேக்கிறது. வேற ஒண்ணும் இல்ல, அந்த ஒரே பேச்சு. வேலை இல்லாத நாளெல்லாம் அங்க போய்த் தாழ்வாரத்துல நிப்பான். இன்னைக்கு வெள்ளைக்காரத் தொரை இல்ல, இன்னைக்குத் தொரை மீட்டிங்கு, இன்னைக்கு நேரமாச்சு. திரும்பி வருவான். அடுத்த வாரம் திரும்பப் போவான். நீ போறதும் வர்றதும் பார்க்கிற எனக்கே கால் வலிக்குதுடான்னு நான் திட்டுவேன். வலிக்குதுதான்க்கா, என்ன செய்யிறதும்பான்.

அங்க ஆபீசுல எழுத்து வேலை பார்க்கிற ஞானசேகரம்னு ஒரு கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். வெயில் அடிச்சாலும் மழை பெஞ்சாலும் கக்கத்துல குடை, நெத்தியில திருநீறு. முதல்ல அவரும் விரட்டினவர்தான். போகப் போக அவருக்கே மனசு கேக்கல போலிருக்கு. ஒருநாள் உள்ள கூப்பிட்டு மேசை மேல ஒரு பெரிய படத்தை விரிச்சுக் காட்டியிருக்கார். டவுனைத் திருத்தப் போறாங்களாம், எந்த ரோட்டை நீட்டுறது, எந்தச் சந்தை அகலமாக்கிறது, எங்க பைப்பு வைக்கிறதுன்னு எல்லாம் அதுல கோடு போட்டிருந்ததாம். எங்க சந்தும் அதுல இருந்ததாம். ஓரமா ஒரு நீலக் கோடு. அதுதான் கான்.

அன்னைக்கு அவன் வீட்டுக்கு வந்த மூஞ்சியைப் பார்க்கணுமே. பைப்படியில தண்ணிக்கு நின்ன பொம்பளைங்க கிட்டயெல்லாம் நின்னு சொன்னான். நம்ம வீடெல்லாம் சின்னச் சின்னக் கட்டமா இருக்குக்கா, உங்க கொட்டகை கூட இருக்கு, அதுக்கு ஒட்டி அந்தக் கோடு போகுதுன்னு விரலால மண்ணுல கீறிக் காட்டினான். மாடு இருக்கான்னு கேட்டேன். மாடு இல்லையாம். நல்ல படம்டா போன்னேன்.

ஆனா அதுல ஒரு சிக்கல். கிராணியார் அதையும் மறைக்காம சொல்லிட்டார். "போர்டிலை இந்த வருசம் ஒரு கானுக்குத்தான் வழி கிடக்கு. உங்கட சந்தோ, ஜெலாப்பாங் ரோட்டுப் பக்கத்து ஒழுங்கையோ எண்டு துரை நேரிலை பார்த்து, எது மோசமோ அதுக்குத்தான் குடுப்பார். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்."

அப்போ மங்களம் மறுபடி முழுகாம இருந்தா. தீபாவளி கழிச்சுப் பொறக்கும்னு கணக்கு. மழைக்காலமும் அப்பத்தான். அதனால இந்தக் கான் அவனுக்கு வெறும் கான் இல்ல. அதை வாயால சொல்லிக்கமாட்டான், ஆனா சந்துல இருந்த எல்லாருக்கும் தெரியும்.

தொரை வர்ற நாள் முடிவானதும் பத்துமலை வீடு வீடா போனான். ஒண்ணும் செய்யாதீங்க, பெருக்கக் கூடச் செய்யாதீங்க, அப்படியே கிடக்கட்டும், தொரை அப்படியே பார்க்கட்டும்னு கையைப் புடிக்காத குறையா சொன்னான். எல்லாரும் தலையாட்டினாங்க. சீனி கங்காணியும் ஆட்டினார்.

சீனி கங்காணியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். தோட்டத்துல ஒரு காலத்துல ஆள் கட்டி மேய்ச்சவர். இப்போ மேய்க்க ஆள் இல்ல, ஆனா அந்தக் கறுப்புக் கோட்டும் தலைப்பாவும் கையில ரோத்தான் பிரம்பும் போகல. யாரு வீட்டுல என்ன நடந்தாலும் முன்னால போய் நிப்பார். கெட்டவர்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தத் தோட்டத்துப் பழக்கம் எலும்புக்குள்ள ஏறிப் போயிருந்தது. அவருக்கு மட்டுமா, எங்க எல்லாருக்குமே. தோட்டத்துல பெரிய தொரை நாங்க குடியிருந்த லயத்தைப் பார்க்க வர்றார்னா முதநாளே தொடங்கிடும். லயத்தைக் கழுவணும், சுண்ணாம்பு அடிக்கணும், பிள்ளைங்களுக்கு எண்ணெய் வச்சுச் சீவணும், காய்ச்சல்ல கிடக்கிறவனைப் பின்பக்கமா கித்தா மரத்தடிக்குக் கொண்டு போய்ப் படுக்க வைக்கணும். அழுக்கு தொரை கண்ணுல பட்டுச்சுன்னா கங்காணிக்கு ஏச்சு, கங்காணி கையால நமக்கு அடி. அப்படியே வளர்ந்த சனம். தொரை வர்றார்னு காதுல விழுந்தா கை தானா விளக்குமாத்தைத் தேடும்.

அன்னைக்குக் காலையில பத்துமலை வேட்டியைத் துவைச்சுக் கட்டிக்கிட்டு, தொரைக்கு வழி காட்ட ஆபீசுக்குக் கிளம்பிட்டான். நான் பால் ஊத்தப் போயிட்டேன். அன்னைக்குன்னு பார்த்து ஒரு வீட்டம்மா பால் தண்ணியா இருக்குன்னு சண்டைக்கு வந்துட்டா, அவளுக்கு நான் குடுத்த பதிலை இங்க சொல்ல வேணாம். அதுல நேரமாயிடுச்சு. காலிச் செம்பைத் தூக்கிக்கிட்டு வேகு வேகுன்னு வந்தா, சந்து முனையில நின்னுட்டேன். வேற எங்கயோ வந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் முழிச்சேன்.

ரெண்டு பக்கமும் வாழைக்குலை. குறுக்க மாவிலைத் தோரணம். வீட்டுப் பலகையெல்லாம் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு. எங்க மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிட்டு, கொட்டகைக்கு முன்னால தட்டி வச்சு மறைச்சிட்டாங்க. சாம்பிராணிப் புகை மூக்கை அடைக்குது. கான் எங்கன்னு பார்த்தா கானையே காணோம். எங்கேர்ந்து கொண்டு வந்தாங்களோ, நீளத்துக்கும் பலகை போட்டு மூடி, மேல ஆத்து மணல் பரப்பி வச்சிருக்காங்க. நடுவுல சீனி கங்காணி கோட்டை மாட்டிக்கிட்டு, கையில ரோஜாப்பூ மாலையோட நிக்கிறார்.

அடப்பாவிகளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நான் சத்தம் போட்டேன். கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளைக்காரன் வீடு தேடி வர்றான், நாறின சந்துல நிக்க வச்சா நாளைக்கு இந்தச் சனம் இருக்கவே லாயக்கு இல்லைன்னு எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட மாட்டானான்னு கேட்டார். அந்தப் பயமும் சும்மா வந்ததில்ல. தோட்டத்துல அப்படி எத்தனை பேரை வெளியே தள்ளியிருக்காங்க. சரி, அவரைத்தான் திட்டலாம்னா, திரும்பிப் பார்த்தா மங்களம். அந்த வயித்தை வச்சுக்கிட்டு வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருக்கா. அவ வாசல் பத்தாம, பலகை மேலயும் ஏறி அந்தப் பக்கம் வரைக்கும் போட்டிருக்கா. தாமரை, அதைச் சுத்திக் கொடி, கொடியில கிளி. என்னடி, உன் புருஷன் என்ன சொன்னான், நீ என்ன செய்யிறேன்னு கேட்டேன். நிமிர்ந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "ஊருக்கெல்லாம் நல்லது செய்யணும்னு வர்றவங்க. வாசலை வெறுமையா வச்சா எப்படிக்கா, மனசு வரல"ன்னா. மறுபடி குனிஞ்சு கிளிக்கு மூக்கு வரைஞ்சா.

அதுக்குள்ள வந்துட்டாங்க. முன்னால பத்துமலை, பின்னால தொரை, அவருக்குப் பின்னால குடையோட கிராணியார். முனை திரும்பினதும் பத்துமலை அப்படியே நின்னுட்டான். இறங்கின அந்தத் தோள் இன்னும் இறங்கினது மாதிரி இருந்தது. கங்காணி பாய்ஞ்சு போய் மாலையைப் போட்டுட்டார். தொரை நல்ல மனுஷன்தான், வயசும் அதிகமில்ல. மாலையைப் போட்டுக்கிட்டு, தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு, சிரிச்ச முகமா ஒவ்வொரு வாசலா பார்த்துக்கிட்டு வந்தார். பலகை மேல அவர் பூட்ஸ் டக்கு டக்குன்னு நடந்தது. ஒரு சொட்டு அழுக்கு படல.

மங்களம் வாசலுக்கு வந்ததும் நின்னுட்டார். கோலத்தைப் பார்த்து அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கிராணியார் கிட்ட என்னமோ கேக்கிறார், குனிஞ்சு கிளியைப் பார்க்கிறார். தோள்ல தொங்கின பொட்டியை எடுத்துப் போட்டோ புடிச்சார். மங்களம் வெக்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால போயிட்டா.

அப்பத்தான் பத்துமலை முன்னால வந்தான். குனிஞ்சு, கோலம் போட்டிருந்த பலகையோட ஓரத்தைப் புடிச்சுத் தூக்கினான். மணல் சரிஞ்சது. கீழேர்ந்து நாத்தம் குபுக்குன்னு எனக்கே வந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா எல்லாம் வெட்டவெளிச்சமாயிருக்கும். தூக்கிடுடா, தூக்கிடுடான்னு எனக்கு உள்ளுக்குள்ள கத்துது. அவன் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தான். கதவு இடுக்குல மங்களம் நிக்கிறா. கை ரெண்டும் மணிக்கட்டு வரைக்கும் அரிசி மாவு, நெத்தியெல்லாம் வேர்வை. பலகையைத் தூக்கினா கோலம் ரெண்டா பிளந்துடும். அவ அவனைப் பார்த்து வேணாம்னு தலையாட்டினா. லேசாத்தான் ஆட்டினா. அவன் பலகையை மெதுவா கீழ வச்சிட்டு, சரிஞ்ச மணலைக் கையால தடவி விட்டான்.

கிராணியார் அதைப் பார்த்தார். நல்ல வேளையா அவரு வாயைத் திறந்தார். இதெல்லாம் இன்னைக்குப் போட்டு மூடினது, கீழ கான் கெட்டுக் கிடக்குன்னு தொரைகிட்ட இங்கிலீசுல எடுத்துச் சொன்னாராம். தொரை சிரிச்சுக்கிட்டே, கான்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும், இவ்வளவு சுத்தமா வச்சுக்கிற சனத்துக்கு அவசரம் இல்ல, அந்த ஜெலாப்பாங் ரோட்டுக்காரங்க தெருவைக் கூட்டக் கூட இல்ல, அவங்களுக்குத்தான் முதல்ல வேணும்னுட்டாராம். அந்தச் சந்துக்காரங்களும் நம்ம தமிழ் சனம்தான். அவங்களுக்குத் தொரை வர்றது தெரியவே தெரியாதாம்.

பத்துமலை யாரையும் ஏசல. அதுதான் எனக்கு ஆத்திரம். ரெண்டு வார்த்தை நாறக் கேட்டிருந்தான்னா எல்லாருக்கும் மனசு ஆறியிருக்கும். கங்காணி வந்து, தொரைக்கு நம்ம சந்து ரொம்பப் புடிச்சுப் போச்சு, அடுத்த வருஷம் கண்டிப்பா நமக்குத்தான்னு சொன்னதுக்குக் கூட, சரிங்க கங்காணியாரேன்னுட்டு வீட்டுக்குள்ள போயிட்டான். மறுநாள் வேலைக்குப் போனான். பலகையை எல்லாம் கடன் வாங்கின இடத்துக்கே திருப்பிக் கொண்டு போய்ப் போட்டதும் அவன்தான். மூட்டை தூக்குறவன் ஆச்சே, அவனைத்தான் கூப்பிட்டாங்க.

ஒரு தடவை மறுபடி ஆபீசுக்குப் போய்ப் பார்த்திருக்கான். படம் இப்போ சுவத்துல மாட்டியிருந்ததாம். அதுக்குப் பக்கத்துல தொரை புடிச்ச போட்டோ. தாமரையும் கிளியும் அவன் வீட்டு நிலைப்படியும். நம்ம வாசல் ஆபீசுல தொங்குதுக்கான்னு என்கிட்ட வந்து சொன்னான். சிரிக்கிறானா அழுறானான்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் போறதை விட்டுட்டான். அலுத்துப் போச்சுக்கான்னான். எனக்கும் அலுத்துப் போயிருந்தது, அவனைத் திட்டக் கூட வாய் வரல.

தீபாவளி கழிச்சு மங்களத்துக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்தது. நல்ல நிறம், தலை நிறைய முடி. மாசம் பொறந்தும் பொறக்காம மார்கழியில மழை புடிச்சது. அது எந்த மழைன்னு பேரா மாநிலத்துக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, இருபத்தாறாம் வருஷத்துப் பெரு வெள்ளம். டவுனே முழுகிக் கிடந்தப்போ எங்க சந்தை யாரு கேக்கப் போறா? ஒரு சாயங்காலம் கான் வழிஞ்சது, கொஞ்ச நேரத்துல சுங்கை பாரியே உள்ள வந்துடுச்சு. நாங்க மாட்டை அவிழ்த்து விட்டுட்டு ரயில் ரோட்டு மேட்டுக்கு ஓடினோம். பத்துமலை தலை மேல பிள்ளை இருந்த கூடை. அவனுக்கு மார்பளவு தண்ணி. அந்தத் தண்ணி எது, எங்க சந்துத் தண்ணிதானே. எல்லாம் கலந்த தண்ணி.

மேட்டுல ஒரு தகரக் கொட்டகையில கிடந்தோம். பச்சைப் பிள்ளைக்குக் குடுக்க நல்ல தண்ணி இல்ல, மங்களத்துக்குக் காய்ச்சல்ல பால் வத்திப் போச்சு. நான் எங்க மாட்டுல ஒண்ணைத் தேடிப் புடிச்சுக் கறந்தேன், அதுவும் காஞ்சு போய்க் கிடந்தது. வெள்ளம் வடிஞ்சு வீடு திரும்புறதுக்குள்ள பிள்ளைக்கு வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு. முன்ன மாதிரியேதான். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில இடமே இல்ல. பிள்ளை போன அன்னைக்கு மங்களம் அழல. சேறு படிஞ்ச தரையில உக்காந்து, அது உடம்புல ஒட்டியிருந்த சேத்தைத் துணியை நனைச்சு நனைச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தா. போதும்டி, விடுடின்னு நான் கையைப் புடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு.

பொங்கல் முடிஞ்ச கையோட தொரை மறுபடி வர்றார்னு தகவல் வந்தது. வெள்ளச் சேதம் பார்க்க. கங்காணிக்குக் கேக்கவா வேணும், காலையிலயே ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு மண்வெட்டியும் விளக்குமாறுமா வந்து நின்னுட்டார். வாசல் சேத்தையாவது வழிச்சுப் போடலாம்னு முதல்ல பத்துமலை வீட்டுக்குத்தான் வந்தார். பத்துமலை வாசல்ல குத்த வச்சு உக்காந்திருந்தான். எழுந்திருக்கக் கூட இல்ல.

"வேணாம் கங்காணியாரே. அப்படியே கிடக்கட்டும்."

சத்தமா சொல்லல, எப்பவும் பேசுற மாதிரிதான் சொன்னான். கங்காணி மண்வெட்டியைக் கீழ வச்சார். தலைப்பாவைக் கழட்டிக் கையில சுருட்டிக்கிட்டு, சந்து ஓரமா போய் நின்னவர், தொரை போற வரைக்கும் அங்கேயேதான் நின்னார். அவரைப் பார்த்தா எனக்குக் கோபம் கூட வரல.

தொரை வந்தார். பூட்ஸ் கணுக்கால் வரைக்கும் சேத்துல இறங்கினது. சுவர்ல தண்ணி நின்ன கோடு அவர் நெஞ்சு உசரத்துக்கு இருந்தது, அதைக் கையால தொட்டுப் பார்த்தார். எங்க கொட்டகையைப் பார்த்தார், மூக்கைப் பொத்தல. பொங்கலுக்குப் போட்ட கோலம் ஒவ்வொரு வாசல்லயும் அரைகுறையா கிடந்தது, இந்தச் சனம் சேத்து மேலயும் கோலம் போடும். மங்களம் வாசல்ல மட்டும் ஒண்ணும் இல்ல. அங்க வந்து நின்னார். அடையாளம் தெரிஞ்சிடுச்சு போலிருக்கு. சிரிச்ச முகமா கிராணியாரைப் பார்த்து ஒண்ணு கேட்டார். கிராணியார் குடையை இந்தக் கக்கத்துலேர்ந்து அந்தக் கக்கத்துக்கு மாத்தினார். தொரை மறுபடி கேட்டார்.

"போன முறை இந்த வாசலிலை ஒரு வடிவான கோலம் கிடந்தது, இந்த முறை ஏன் போடயில்லை எண்டு துரை கேக்கிறார்"ன்னு கிராணியார் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

பத்துமலை எழுந்து நின்னான். "சாவு வீட்டுல கோலம் போடமாட்டாங்கன்னு சொல்லுங்க ஐயா."

கிராணியார் சொன்னார். தொரை தொப்பியை எடுத்துட்டார். யாரு செத்தாங்கன்னு கேக்கல. உள்ளே கயித்துல காத்தாடிக்கிட்டு இருந்த வெறும் தூளியைப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டார்.

அந்த வருஷமே கான் வந்தது. படத்துல நீலக் கோடு போட்டிருந்த அதே இடத்துல. நல்ல கான்தான், குறை சொல்ல முடியாது. சிமெண்டுல வழுவழுன்னு கட்டி, தவுக்கே கடை மேட்டுக்கு அடியில குழாய் போட்டு ஆத்துல விட்டிருக்காங்க. எங்க மாட்டுத் தண்ணியும் அதுலதான் போகுது. இப்போ நாத்தம்னு யாராவது வாயைத் திறக்கட்டும், பார்த்துக்கிறேன்.

முதல் மழை வந்தப்போ சந்தே வெளிய வந்து நின்னு வேடிக்கை பார்த்தது. தண்ணி ஒரு இடத்துல நிக்காம சலசலன்னு ஓடுது. மங்களம் வெளிய வரல. அவ இப்பவும் வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிக்கிறதோட சரி, மாவைத் தொடுறதில்ல. நானும் கேக்கிறதில்ல. பத்துமலை கான் ஓரமா குந்தி உக்காந்துக்கிட்டு, மழை விட்டும் எழுந்திருக்காம அந்தத் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தான். நான் போய்ப் பக்கத்துல நின்னேன்.

"நல்லா ஓடுதுக்கா"ன்னான்.

ஆமாடா, நல்லா ஓடுதுன்னு சொன்னேன். மாடு கத்துச்சு, கறக்கப் போயிட்டேன்.